ஆறாவது ஆள்

திருமழிசையில் எனக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. உறவினர் இல்லை, வழக்கு இல்லை, பிரார்த்தனையும் இல்லை. ஆயினும் யுத்தகாலத்தில் ஒரு நாள் பிற்பகல், நல்ல வெயிலில், திருமழிசைக் கடைத்தெருவில் குடை பிடித்தபடி திரும்பிப் போக வண்டிக்காகக் காத்து நின்றேன். காரணம் அவர்தான்.

அன்று நான் பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். போக வேண்டியது கிழக்கே, சென்னைக்கு. பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய, மேற்கே போகும் பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் நின்று புகைந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் ஆள் ஏறினால்தான் வண்டியை எடுப்பேன் என்று கண்டக்டர் பிடிவாதமாக இருந்தான். உள்ளே இருந்தவர்கள் விசிறிக்கொண்டும் வைதுகொண்டும் இருந்தார்கள். அப்போது படியிலிருந்து ஒரு நீண்ட கை என்னை நோக்கி ஆடியது.

"நைனா! நீயா? ஏறு, ஏறு! ஓர் ஆளுதான் கொறையுது!"

ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பிறகு என்னைப் பார்க்கிறார். சௌக்கியமா, எங்கே வேலை, குழந்தைகள் எத்தனை, ஒன்றும் கேட்கவில்லை. ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் ஏறினேன். வண்டி கிளம்பியது. உள்ளே இருந்தவர்கள் என்னை ஏதோ உபகாரம் செய்தவனைப் போல் பார்த்தார்கள். ஊர் தாண்டிய பிறகுதான் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"ஆமா, நீ எங்க போவணும்?"

"சென்னைக்கு, ஸார்."

"அடடே, அது அந்தாண்டல்ல கீது!" என்று உண்மையாகவே வருந்தினார். பிறகு நசரத்பேட்டையில், தம் வீடு இருக்கும் ஊரில், இறங்கிக்கொண்டார். நானும் அங்கேயே இறங்கியிருக்கலாம். ஆனால் நானும் இறங்கினால் வண்டியில் ஆள் குறையுமே என்று தோன்றிவிட்டது. நான் நிதானமானவன், எதையும் யோசித்துச் செய்பவன் என்று என் மனைவி வீட்டார் இன்றும் நம்புகிறார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பிற்காலத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். அவரிடம் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத செய்திகள் சில இதில் உண்டு.

நாங்கள் சந்தித்தது அம்பத்தூரில். ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவே, தோட்டத்துடன் கூடிய பழைய பங்களா ஒன்றில் எங்கள் பயிற்சிக் கல்லூரி நடந்தது. பட்டம் வாங்கியவர்கள் ஆசிரியராவதற்காக ஓராண்டு படிக்கும் எல்.டி. படிப்பு. மாணவர்கள் என்று பெயரே தவிர, பாதிப் பேருக்குக் கல்யாணமாகியிருந்தது. சிலருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒருவரையொருவர் படித்த பாடத்தின் பெயரால் அழைத்துக்கொள்வோம். மிகப் பருத்த ஒருவர் கணக்குக்காரர். அதிகம் பேசாத ஒருவர் ரசாயனக்காரர். எங்கும் ஜோடியாகவே திரிந்த இருவர் சரித்திரக்காரர்கள். நான் தத்துவக்காரன். அவர் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஆனால் அவரை யாரும் இலக்கியக்காரர் என்று சொன்னதில்லை. செக்ரட்டரி என்பார்கள். விளையாட்டு, விவாத மன்றம், நாடகம், சாரணர் எல்லாவற்றுக்கும் செக்ரட்டரி அவர் ஒருவரே. மற்றவர் யாரும் ஏற்க முன்வரவில்லை. ஏற்க ஓர் ஆள் குறைகிறது என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

ஒல்லியான உருவம். முழங்கால் வரை தொங்கும் கைகள். கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருப்பார். அதனுள் இருக்கும் உருண்டை என்றோ விழுந்துபோயிருந்ததால் ஊதினால் காற்று மட்டும் வரும். அதனால் விசிலை ஊதிவிட்டு, பிறகு வாயால் கூப்பிடுவார். வகுப்பில் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்க விரிவுரையாளர்களே நிற்பார்கள். வகுப்பை விட்டு இறங்கியதும் அந்த ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்ப் பேச்சுக்கு வந்துவிடுவார். எங்கே போனாலும் தலைகளை எண்ணும் பழக்கம் அவருக்கு உண்டு. பிரார்த்தனைக் கூடத்தில், சாப்பாட்டு வரிசையில், ஒரு முறை இழவு வீட்டிலும் அவர் உதடுகள் அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு ஆட்டம் தெரியும், தெரியாது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு மாலை கால்பந்துக்குக் கோல் காக்க ஆளில்லை. கடிதம் கொடுக்க வந்த தபால்காரரைப் பையோடு நிறுத்திவிட்டார். அம்பத்தூருக்கு அன்று கடிதங்கள் விளக்கு வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தன. விவாத மன்றத்தில் ஒரு முறை தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். எதிர்த்துப் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். இவரே எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய், சற்றுமுன் பேசியவரின் அறியாமையைக் கண்டு தாம் வருந்துவதாகத் தொடங்கி, தம்மையே துண்டு துண்டாக்கினார். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் ஓடிவந்து பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் சாய்ந்தால் மீண்டும் இந்தப் பக்கம். அந்த ஆண்டுக் கோப்பை யாருக்கும் கொடுக்கப்படாமல் அலமாரியிலேயே இருந்தது.

எல்லாமே சிரிக்கத் தக்கவை அல்ல. ரசாயனக்காரரின் தந்தை இறந்துவிட்டதாக ஒரு பிற்பகல் தந்தி வந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அறையில் சுவரைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். இவர் நேரே உள்ளே போனார்.

"கோல்ல ஓர் ஆளு கொறையுது. வந்து நில்லு."

ரசாயனக்காரர் எழுந்து போனார். ரயில் நேரம் வரை இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று அழுதார். பந்து வந்தபோதெல்லாம் அழுதுகொண்டே தடுத்தார். இவர் அவரிடம் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. பந்தை மட்டும் அடிக்கடி அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார். 'நாகரிகமற்ற செயல்' என்று அன்றைய என் நாட்குறிப்பில் எழுதினேன். ரசாயனக்காரர் காரியங்கள் முடிந்து திரும்பியதும் தாமாகவே கோல் கம்பத்தருகே போய் நின்றுகொண்டதை, குறித்துவைக்கத் தக்கதாக அப்போது நான் நினைக்கவில்லை.

நான் அந்த ஆண்டு எப்படி இருந்தேன் என்று சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். கல்லூரியில் சேர்ந்த அன்றே கால அட்டவணை ஒன்று தயாரித்துக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டேன். மாலை ஐந்து முதல் ஆறு வரை 'உலாவுதல்' என்றிருந்தது. ரயில் பாதையோரமாகத் தனியாகப் பட்டரைவாக்கம் வரை நடப்பேன். திரும்புவேன். குளிப்பேன். படிப்பேன். இதை நான் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்தேன். அவர் ஒவ்வொரு மாலையும் வந்து கதவைத் தட்டுவார். நான் அட்டவணையைச் சுட்டிக்காட்டுவேன்.

"ஒலாத்துறதுக்கு ஓர் ஆளு போதும் நைனா. அதுக்கு உன்னியே அனுப்பணுமா?" என்பார்.

கல்லூரியில் ஒரு விதி இருந்தது. நாளைக்குப் பிள்ளைகளை விளையாட வைக்க வேண்டியவர்கள், தாங்களும் விளையாடியிருக்க வேண்டும். பொங்கலுக்குள் மைதானத்தில் இருபது மாலையாவது ஆடாதவர்களைப் பிரின்ஸ்பால் பரீட்சைக்குச் சிபாரிசு செய்யமாட்டார். இது எனக்குத் தெரியாமலில்லை. தத்துவத்தில் மாகாணத்திலேயே இரண்டாவதாகத் தேறியவனை இருபது மாலைகளுக்காக நிறுத்திவைக்கமாட்டார்கள் என்று ஊகித்திருந்தேன். தீபாவளி விடுமுறை முடிந்ததும் பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் ஊகம் தவறு என்று மிகச் சுருக்கமாகத் தெரிவித்தார். ஊரில் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். எல்.டி. இல்லையென்றால் அந்த இடமும் இல்லை. அந்த இடத்தை நம்பி நிச்சயமான கல்யாணம் ஒன்றும் இருந்தது.

நேரே செக்ரட்டரியிடம் போனேன். நியாயத்தை வரிசையாக எடுத்துரைத்தேன். வருகையைத்தான் கேட்கிறார்கள், திறமையை அல்ல. நான் மைதானத்துக்கு வந்து நிற்பதற்கும் அறையில் இருப்பதற்கும் ஆட்டத்தில் வித்தியாசம் ஏதும் இராது. ஆகவே சில மாலைகளுக்கு என் பெயரைக் குறித்துக்கொள்வதில் பிழையில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசற. ஆனா நீ வராத அன்னிக்கி வந்தன்னு எய்திட்டேன்னு வெச்சுக்கோ. அன்னிக்கி உன் எடத்துல ஆடுனது யாரு? அந்த ஆளையும் அப்பால நான்தானே தேடிக்கினு வரணும்? வேணாம் நைனா. நிஜார் தெச்சுக்கோ, வா."

ரயிலடித் தையற்காரரிடம் அரை நிஜாருக்கு அளவு கொடுத்தேன். வேட்டியைத் தவிர வேறெதுவும் உடுத்தாத என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார். "சாமி, இது உள்ளாற போடவா, வெளியில போடவா?" என்று கேட்டார். வெளியில் என்றேன். "அப்ப ரவ நீளமா வெக்கிறேன்" என்றார் இரக்கத்துடன். அவர் வைத்த நீளத்துக்கு அது நிஜாருமில்லை, வேறெதுவுமில்லை. அதைப் போட்டுக்கொண்டு முதல் மாலை மைதானத்தில் இறங்கியபோது கணக்குக்காரர் எழுந்து நின்று வணங்கினார்.

இந்த மைதானத்துக்கும் அப்போது ஆபத்து வந்திருந்தது. பங்களாவும் மைதானமும் ஒரே நிலக்காரருக்குச் சொந்தம். ஏரி மண்ணில் செங்கல் அறுத்துச் சூளை போடுபவர் அவர். மழை ஓய்ந்ததும் கல் அடுக்க இடம் வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆளில்லாமல் கிடக்கும் மைதானத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாடகையில் குறைத்துக்கொள்வதாக எழுதினார். பிரின்ஸ்பால் யோசித்தார். ஒரு மாலைக்கு ஆறு பேராவது ஆடும் மைதானம் என்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தார். மார்கழி முடிவதற்குள் என்றாவது ஒரு மாலை நிலக்காரரின் கணக்கப்பிள்ளை வந்து பார்ப்பார். அன்று ஆறு பேர் இருந்தால் மைதானம் எங்களுடையது.

இதைச் சொல்லும்போது மட்டும் செக்ரட்டரியின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

"நைனா, சோறு துன்ன நமக்கு ரெண்டு கூடம் கீது. தண்ணி குடிக்க ரெண்டு பானை. இந்த மண்ணு ஒண்ணுதான் அல்லாருக்கும் ஒண்ணா கீது. இதுலயும் கல்லை அடுக்கிட்டான்னா, ஒர்த்தரை ஒர்த்தர் புடிச்சுத் தள்ளிக்க நாம எங்க போறது?"

கூடங்கள் இரண்டு என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஒன்று பூணூல் போட்டவர்களுக்கு, மற்றது மற்றவர்களுக்கு. நான் எந்தக் கூடத்தில் எத்தனை மணிக்கு உண்பேன் என்று அட்டவணையில்கூட இருந்தது. ஆனால் அதையும் மண்ணையும் சேர்த்து நான் யோசித்ததில்லை. யோசிக்கும் நேரம் என்று காலை நாலரையை ஒதுக்கியிருந்தேன்.

அந்த ஆண்டு கார்த்திகை மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, மைதானத்தில் பாதி நீரில் மூழ்கியது. வலையும் பந்தும் உபயோகமில்லை. மேட்டுப்பக்கம் மீந்திருந்த சேற்றில் சடுகுடு ஒன்றுதான் ஆடலாம். முப்பது பேர் வந்துகொண்டிருந்த மைதானத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். பிறகு ஒரு நாள் திடீரென்று ஐந்து பேராகிவிட்டார்கள். செக்ரட்டரி, கணக்குக்காரர், ரசாயனக்காரர், இரண்டு சரித்திரக்காரர்கள். ஆறாவது நான்.

எனக்குக் காரணம் தெளிவாகப் புரிந்தது. மற்றவர்கள் இருபது மாலையை முடித்துவிட்டார்கள். இந்த நால்வரும் என்னைப் போலவே பின்தங்கியவர்கள், பாவம். அவர்களிடம் எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டாயிற்று. சரித்திரக்காரர்களில் ஒருவரிடம், "மனம் தளர வேண்டாம். விடாமுயற்சி இருந்தால் நீங்களும் முடித்துவிடலாம்" என்று சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "உங்க ஆசீர்வாதம்" என்றார்.

சடுகுடுவில் என் திறமை விரைவில் நிலைபெற்றது. பாடிக்கொண்டு போவேன். எதிரியைத் தொட்டுவிட்டால் உடனே, "மன்னிக்க வேண்டும்" என்பேன். அங்கேயே மூச்சு போய்விடும். அதன்பின் கணக்குக்காரர் என்மேல் உட்காருவார். அவரை எழுப்ப இரு கட்சியும் சேர வேண்டியிருந்தது. வேறொரு நாள் என் மூக்குக்கண்ணாடி சேற்றில் விழுந்துவிட, ஆட்டத்தை நிறுத்தி ஆறு பேரும் கைகளால் துழாவினோம். செக்ரட்டரிக்கு இதில் எதுவும் குறையாகத் தெரியவில்லை. "பாத்தியா, ஆறு பேரும் குனிஞ்சு தேடறப்ப எம்மா நல்லா கீது!" என்றார். எந்தக் கட்சி ஜெயித்தது என்று கேட்டால் அவருக்கு மறந்துபோயிருக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கும்.

ஒரு மாலை காற்றும் மழையுமாக இருந்தது. எனக்கு ஜலதோஷம். வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். அவரே வந்தார். தலையில் கோணியைக் கவிழ்த்திருந்தார்.

"இன்னும் எத்தினி கீது உனக்கு?" என்று கேட்டார்.

"ஆறு மாலைகள்."

அவர் வாயைத் திறந்தார். எதையோ சொல்ல வந்தவர் போலிருந்தது. பிறகு கோணியை எடுத்து என் தலையில் மாட்டினார்.

"ஆறுதானே. சொம்மா வந்து ஓரமா நில்லு, போதும்."

தாம் நனைந்துகொண்டே முன்னால் போனார். அன்று அவரைப் பற்றி நாட்குறிப்பில் நல்ல வார்த்தை எழுதினேன். எனக்காக, என் பரீட்சைக்காக, இவ்வளவு பாடுபடும் நண்பர் என்று.

மார்கழி பாதியில் என் இருபதாவது மாலை முடிந்தது. மறுநாள் பிற்பகல் நன்றாக உடுத்திக்கொண்டு பிரின்ஸ்பாலின் அறைக்குப் போய், கடமை நிறைவேறியதைத் தெரிவித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கடமை?"

"இருபது மாலைகள், ஸார்."

"அதைத்தான் இந்த ஆண்டு தள்ளுபடி செய்தாயிற்றே! மைதானம் ஏரியாகிவிட்டது, யாரை ஆடச் சொல்வது? கார்த்திகையிலேயே அறிவிப்புப் போட்டோமே. பலகையில் பார்க்கவில்லையா?"

பலகையில் பார்க்கவில்லை. கல்லூரியில் அறிவிப்புப் பலகைகள் இரண்டு. படிப்புப் பலகையை நாள்தோறும் இரண்டு முறை படிப்பேன். விளையாட்டுப் பலகை வேலையற்றவர்களுக்கானது என்று ஜூலை மாதத்திலேயே முடிவு செய்து, அந்தத் தாழ்வாரத்தின் வழியாகப் போவதையே நிறுத்தியிருந்தேன். இப்போது போனேன். அறிவிப்பு அங்கே இருந்தது. மழைச் சாரலில் மை கொஞ்சம் கரைந்திருந்தது. கீழே செக்ரட்டரி என்று அவர் கையெழுத்து.

முப்பது பேர் ஐந்தானது ஏன் என்று அப்போது விளங்கியது. அந்த நால்வர் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதும் விளங்கியது. விடாமுயற்சியைப் பற்றி நான் சரித்திரக்காரரிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. மனோதத்துவப் புத்தகத்தை விரித்தேன். ஐந்து மணியாயிற்று. விசிலின் காற்றுச் சத்தமும், தொடர்ந்து அவர் குரலும் கேட்டன. நான் அசையவில்லை. மீண்டும் கூப்பிட்டார். புத்தகத்தில் கோபம் என்னும் உணர்ச்சியைப் பற்றிய அத்தியாயம் திறந்திருந்தது. கோபம் வந்தவன் முதலில் அமைதியாக உட்கார வேண்டும் என்றிருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன். பயனில்லை. மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது எழுந்தேன். ஆடுவதற்காக அல்ல. நாலு வார்த்தை கேட்பதற்காக. நிஜார் போடவில்லை. வேட்டியும் மேல்துண்டுமாகவே சேற்றில் இறங்கினேன்.

வழியில், வேலியோரமாக, குடையும் கணக்குக் கட்டுமாக ஒருவர் நின்றிருந்ததைப் பார்த்தேன். என் கோபத்தில் அவர் யார் என்று யோசிக்கவில்லை.

ஐந்து பேரும் கோட்டருகே சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் செக்ரட்டரியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் என்னைப் பற்ற வைத்தது.

அக்காலத்தில் பட்டதாரிகளின் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. சாதாரணக் கோபம் தமிழில் இருக்கும். எல்லை மீறினால் ஆங்கிலத்துக்குப் போய்விடும். நான் ஆங்கிலத்திலேயே தொடங்கினேன். ஏமாற்று என்றேன். சூழ்ச்சி என்றேன். ஒரு மனிதனின் கல்வியோடும் ஆரோக்கியத்தோடும் விளையாடியதாகச் சொன்னேன். பிறகு அவரும், கழற்றி வைத்திருந்த ஆங்கிலத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். அறிவிப்பைத் தம் கையாலேயே எழுதிப் பகிரங்கமாக ஒட்டியதாகவும், உலகத்துக்கே தெரிந்த செய்தியை ஒருவன் பார்க்க மறுத்தால் அது சூழ்ச்சியாகாது என்றும், அருமையான நீண்ட வாக்கியங்களில் சொன்னார். நான் கையை நீட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். அவர் பின்வாங்கினார். அவர் பதில் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார். நான் பின்வாங்கினேன். சரித்திரக்காரர்கள் இருவரும் சமாதானம் செய்யக் கைகளை விரித்தபடி இரு பக்கமும் ஓடினார்கள். ரசாயனக்காரர் என் துண்டைப் பிடித்தார்.

அப்போது வேலிப்பக்கம் ஒரு குரல் கேட்டது. குடையோடு நின்றிருந்தவர்தான் நிலக்காரரின் கணக்கப்பிள்ளை; கணக்குக்காரரிடம் வந்துவிட்டிருந்தார்.

"இது இன்னா ஆட்டம் சாமி?"

கணக்குக்காரர் தம் பருத்த உடம்பு சிறிதும் அசையாமல் சொன்னார்: "சடுகுடு."

"சடுகுடு எனக்குத் தெரியாதா? இவங்க இன்னாமோ கத்திக்கினு கீறாங்களே?"

"இங்கிலீஷ் சடுகுடு. பி.ஏ. பாஸ் பண்ணவங்க ஆடறது. மூச்சு உடாம இங்கிலீஷ் பேசிக்கினே வரணும். எவன் மொதல்ல நிறுத்தறானோ அவன் அவுட்டு."

எங்கள் இருவர் காதிலும் இது விழுந்தது. செக்ரட்டரியின் கண்கள் வேலிப்பக்கம் போயின. உதடுகள் அசைந்தன. ஆறு என்று எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் இப்போது வாயை மூடிக்கொண்டு அறைக்குத் திரும்பினால் போதும், பொங்கலுக்குப் பிறகு இந்த இடத்தில் செங்கல் நிற்கும். அதை நான் கணக்கிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் எதையும் கணக்கிடவில்லை. அவர் நிறுத்தாதபோது நான் எப்படி நிறுத்துவது என்று மட்டுமே தோன்றியது.

தொடர்ந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருந்ததால், மனோதத்துவப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை மிகுந்த ஆத்திரத்துடன் ஒப்பித்தேன். அவர் பாடமாயிருந்த ஆங்கிலக் கவிதையொன்றைக் கண்ணை உருட்டிக்கொண்டு என் முகத்தில் எறிந்தார். சரித்திரக்காரர்கள் இப்போது உண்மையாகவே வளைத்துப் பிடிக்க வந்தார்கள். வேட்டி தடுக்கி நான் முன்னால் விழுந்தபோது என் கைகளில் அகப்பட்டவை அவருடைய இரண்டு கணுக்கால்கள். விடாமல் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேற்றில் கிடந்தபடியே இன்னும் பேசிக்கொண்டிருந்தோம்.

"அந்தக் கண்ணாடிக்காரர் நல்லா ஆடறாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

"அவருதான் எங்க கேப்டன்" என்றார் கணக்குக்காரர்.

"ஆடற எடமுன்னு ஐயாகிட்ட சொல்லிடறேன். இவங்க மேல கல்லை அடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கணக்கப்பிள்ளை குடையை விரித்துக்கொண்டு ரயில் கேட்டுப் பக்கம் நடந்தார். அவர் கேட்டைத் தாண்டி மறையும் வரை நாங்கள் நிறுத்தவில்லை. மறைந்த பிறகும் செக்ரட்டரி நிறுத்தவில்லை. எனக்குத்தான் முதலில் மூச்சுத் தீர்ந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சேறு. பற்கள் மட்டும் தெரிந்தன.

"நீ அவுட்டு நைனா," என்றார். "அந்தாண்ட போய் நில்லு."

நான் எழுந்து, வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, அந்தாண்ட போய் நின்றேன்.